பெரிய கம்பெனிகள் வராத சந்தை



ஒரு சந்தைக்குக் கூட்டம் சேர்ப்பது யார்? பெரிய கம்பெனியா, சின்னக் கடைக்காரரா? நம் சங்கக் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. பெரிய அங்காடி ஒன்று வந்தால்தான் தெருவுக்கே ஜனம் வரும் என்று கட்டட முதலாளிகள் சொல்கிறார்கள். நாங்கள் முப்பது வருஷமாக விளக்கேற்றி வைத்த தெருவுக்குத்தான் அவர்கள் வருகிறார்கள் என்று நாம் சொல்கிறோம். பெரியவர்கள் ஒரு வருஷம் வராமல் இருந்தால் அல்லவா உண்மை தெரியும்? அப்படி ஒரு வருஷம் அமெரிக்காவில் வந்தது. 2023 ஜூலை 20 முதல் 23 வரை சான் டியாகோ நகரில் நடந்த காமிக் கான் என்ற பெருங்கூட்டத்தில், நானும் என் துணைவியாரும் இரண்டு நாள் சுற்றினோம். அங்கே கண்டதை எழுதுகிறேன்.

விருதுநகரில் மல்லி, வத்தல், பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன் நான். 1995-ல் என் பேரேட்டில் 60 சில்லறைக் கடைகளின் பெயர் இருந்தது. இன்று வரவு செலவு உள்ளவை 23. மற்றவர்களில் சிலர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதால் கடையை எடுத்தார்கள். பலர் வாடகைக்கும் போட்டிக்கும் ஈடு கொடுக்க முடியாமல் எடுத்தார்கள். சில்லறைக் கடை விழுந்தால் மொத்தக் கடையும் விழும். ஆகவே இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோக்கு அல்ல.

சந்தை பிறந்த கதை

படக்கதைப் புத்தகம், சினிமா, பொம்மை, கம்ப்யூட்டர் விளையாட்டு ஆகியவற்றில் பற்றுக் கொண்ட ரசிகர்கள் கூடும் இடம்தான் காமிக் கான். இதைத் தொடங்கியவர்கள் சினிமாக் கம்பெனிக்காரர்கள் அல்லர். 1970-ல் ஷெல் டார்ஃப் என்ற ரசிகரும், பழைய படக்கதைப் புத்தகங்களைத் தபாலில் விற்றுவந்த ரிச்சர்ட் ஆல்ஃப் என்ற இளைஞரும், கென் க்ரூகர் என்ற புத்தக வியாபாரியும், இன்னும் சில பள்ளிப் பையன்களும் சேர்ந்து தொடங்கியது இது. முதலில் மார்ச் 21-ந் தேதி ஒரே ஒரு நாள் சிறிய கூட்டம் போட்டுப் பணம் திரட்டினார்கள். பிறகு ஆகஸ்ட் 1 முதல் 3 வரை யு.எஸ். கிராண்ட் ஹோட்டலில் பெரிய கூட்டம் நடத்தினார்கள். வந்தவர்கள் சுமார் 300 பேர். ஓவியர் ஜாக் கிர்பியும் எழுத்தாளர் ரே பிராட்பரியும் விருந்தினராக வந்திருந்தார்கள். சின்ன முதல் போட்டு, அதில் வந்ததைக் கொண்டு அடுத்த அடி வைப்பது நமக்குத் தெரிந்த வழிதானே!

1991-ல் கடற்கரை ஓரமாக உள்ள மாநாட்டு மண்டபத்துக்கு மாறினார்கள். இன்று கடைகள் இருக்கும் பரப்பு மட்டுமே நாலரை லட்சம் சதுர அடிக்கு மேல். வருகிறவர்கள் 1,30,000-க்கு மேல். இவ்வளவு வளர்ந்தும் இதை நடத்துவது ஒரு தனி முதலாளி அல்ல, லாப நோக்கமில்லாத ஒரு சங்கம். சங்கம் வைத்திருக்கும் நாம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருவரும் ஒன்றாய்ப் போனது

கடைக்காரர் வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே நாளில் வெளியூர் போவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு ஒருவர் போனால் கல்லாவில் ஒருவர் இருக்க வேண்டும். எங்களுக்குத் திருமணமாகி 38 ஆண்டுகளில் கோயிலைத் தவிர வேறு எங்கும் இருவரும் சேர்ந்து சுற்றியதில்லை. மகன் சான் டியாகோவில் வேலையில் இருக்கிறான். தம்பி மகன் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகே புறப்பட்டோம்.

உண்மையில் ஆசை என்னுடையது அல்ல, என் துணைவியாருடையது. அவர் சிவகாசியில் பிறந்தவர். 1972-ல் முத்து காமிக்ஸ் அங்கே தொடங்கியபோது அவருக்குப் பத்து வயது. இரும்புக்கை மாயாவியையும் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் அண்ணனுடன் சண்டை போட்டுப் படித்தவர். எனக்குச் சிட்டையும் பேரேடும் தவிர வேறு புத்தகம் தெரியாது. மாமியார் வீட்டுப் பரணில் பழைய புத்தகக் கட்டு ஒன்று இருந்தது என்பதே அமெரிக்காவில்தான் எனக்குத் தெரிந்தது.

அனுமதிச் சீட்டு வாங்குவது எளிதல்ல. ஒவ்வொருவரும் தனித்தனியே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். விற்பனை நாளன்று கம்ப்யூட்டர் முன் காத்திருக்க வேண்டும். ஒருவர் சீட்டை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. 60 வயது கடந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. மகன் முந்தின வருஷமே முயன்று எங்களுக்கு வியாழன், ஞாயிறு இரு நாட்களுக்கும் சீட்டு வாங்கி வைத்திருந்தான். அவன் வீட்டருகே மிஷன் வேலியில் ஏறினால் பச்சைத் தடத்து மின்வண்டி மண்டப வாசலிலேயே இறக்கிவிடும். வியாழக்கிழமை அவனுக்கு வேலை. நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

தம்பதியாகப் போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. உள்ளே போனதும் பிரிந்துவிட்டால் கூடும் இடத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அவ்வளவு நெரிசலில் கைப்பேசியை நம்ப முடியாது. அடுத்து, ஒருவர் வரிசையில் நிற்கும்போது மற்றவர் உட்கார்ந்து கொள்ளுங்கள். மண்டபத்தின் பின்புறம் கடலைப் பார்த்த படிக்கட்டு இருக்கிறது. மதியம் அங்கே அமர்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். சாப்பாட்டு நேரத்தில் யாரும் "அண்ணாச்சி, கால் கிலோ பருப்பு" என்று கூப்பிடாதது எனக்குப் புதிதாக இருந்தது.

வேடமும் சேலையும்

வருகிறவர்களில் ஏராளமானோர் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தைப் போல வேடம் போட்டு வருகிறார்கள். பல மாதம் உழைத்துக் கையால் தைத்த உடைகள். எங்கள் வயதுக்காரர்களும் ஜோடியாக வேடமிட்டு வருகிறார்கள். ஒரு பாட்டி ராணியாகவும் தாத்தா காவலாளியாகவும் வந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது.

என் துணைவியார் வழக்கம்போல் சுங்குடிச் சேலை கட்டியிருந்தார். ஓர் இளம் பெண் வந்து, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டது. எந்தக் கதையில் வரும் பாத்திரம் என்றும் கேட்டது. "இது வேஷம் இல்லம்மா, தினமும் கட்டுறதுதான்" என்று இவர் தமிழிலேயே சொல்ல, நான் என் கடை இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தது. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, தொடக் கூடாது என்பது அங்கே விதி. "இவ்வளவு கூட்டத்துல இடிச்சுட்டுப் போறவங்க ஒருத்தர்கூட இல்லைங்க" என்று என் துணைவியார் அன்றைக்கு இரண்டு முறை சொன்னார். பெண்கள் அச்சமின்றி வரும் சந்தையில்தான் குடும்பம் வரும். குடும்பம் வந்தால்தான் வியாபாரம் நடக்கும்.

2023-ல் நடந்தது

மண்டபத்தின் அமைப்பைச் சொல்கிறேன். ஒரு கோடியில் பழைய புத்தகம் விற்கும் வியாபாரிகள். மறு கோடியில் தாங்கள் வரைந்த படங்களைத் தாங்களே விற்கும் ஓவியர்கள். நடுவில் சினிமா, பொம்மைக் கம்பெனிகளின் மாளிகை போன்ற கடைகள். இவை தவிர ஹெச் ஹால் என்று 6,000 பேருக்கு மேல் அமரும் ஓர் அரங்கம். புதிய சினிமாக்களின் நடிகர்கள் அங்கேதான் வந்து பேசுவார்கள். அதில் இடம் பிடிக்க முதல் நாள் இரவே வெளியில் படுக்கை விரித்து வரிசை கட்டுவது வழக்கம்.

அந்த வருஷம் மே 2 முதல் சினிமா எழுத்தாளர்களும் ஜூலை 14 முதல் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நடிகர்கள் எந்தப் படத்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்பது அவர்கள் சங்கக் கட்டளை. மார்வெல், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள் அந்த அரங்கத்துக்கு வரவில்லை. சந்தை படுத்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் நாங்கள் போன இரண்டு நாளும் நடைபாதையில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடிந்தது.

சீட்டை முன்பே வாங்கிவிட்டார்கள், வராமல் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வியாபாரிக்கு அதைவிட முக்கியமான கேள்வி, உள்ளே வந்தவர் தம் நேரத்தையும் பணத்தையும் எங்கே செலவழித்தார் என்பதுதான். நான்கு சின்னக் கடைகளில் விசாரித்தேன். மூன்று கடைக்காரர்கள் தங்கள் வரிசைக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்து நின்று பார்த்தார்கள் என்றார்கள். ஒருவர் வித்தியாசம் தெரியவில்லை என்றார். நான்கு பேர் சொல்லை வைத்து நாடு முழுவதற்கும் கணக்கு எழுத மாட்டேன். ஆனால் நடுவிலிருந்த பெரிய விளக்கு மங்கியபோது, ஓரத்திலிருந்த சின்ன விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன என்பதைப் பார்த்தேன்.

கணவனும் மனைவியும் நடத்திய கடை

பழைய புத்தக வரிசையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதியர் கடை வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டிகளில் புத்தகங்களை அகர வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள். கணவர் பேசினார். மனைவி கல்லாவைப் பார்த்தார். "என்னங்க, அந்தம்மா கணக்கை நோட்டுலதான் எழுதுறாங்க, பாருங்க" என்றார் என் துணைவியார். அந்த நிமிஷமே இருவருக்கும் சிநேகம் ஆகிவிட்டது.

அங்கே மாண்ட்ரேக் புத்தகம் ஒன்று அகப்பட்டது. 1966-ல் அச்சானது, அட்டையில் விலை 12 சென்ட். அவர்கள் ஒட்டியிருந்த விலை 12 டாலர். என் துணைவியார் அதைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "வேண்டாங்க. ஞாயித்துக்கிழமை சந்தை கலையுற நேரத்துக்கு வருவோம். சரக்கை ஊருக்குத் திருப்பிச் சுமக்க முடியாது, விலை இறங்கும்" என்றார். மொத்த வியாபாரி மனைவி அல்லவா!

ஞாயிறு மாலை போனோம். அவர் கணக்கு சரிதான், பல கடைகளில் விலையைக் குறைத்து எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் மாண்ட்ரேக் இல்லை. விற்றுப்போனது என்று திரும்பினோம். அந்த அம்மாள் எங்களைக் கண்டு கையசைத்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். உள்ளே அதே புத்தகம். வியாழனன்று என் துணைவியார் அதைப் பார்த்த பார்வையைக் கண்டு, இவர் நிச்சயம் திரும்பி வருவார் என்று எடுத்து வைத்தாராம். இடையில் இரண்டு பேர் மாண்ட்ரேக் இருக்கிறதா என்று கேட்டும் கொடுக்கவில்லையாம்.

பேரம் பேச வந்த என் துணைவியார் ஒரு வார்த்தை பேசாமல் 12 டாலரை எடுத்துக் கொடுத்தார். 40 வருஷ வியாபாரத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த விற்பனை அதுதான். விலை குறைக்கவில்லை, இனாம் கொடுக்கவில்லை, விளம்பரம் இல்லை. வந்தவரின் முகத்தை நினைவில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் தொழிலின் உள்விவரம்

பழைய சரக்கு நமக்கு நஷ்டம், அவர்களுக்கு அதுவே முதல். 1938-ல் 10 சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி, 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. மல்லியை நாம் தரம் பிரிப்பதுபோல் புத்தகத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று தரம் போட்டு, கெட்டியான பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன.

மொத்த வியாபார முறையும் நமக்குப் பாடம். ஒரு காலத்தில் அங்கே படக்கதைகள் பத்திரிகைக் கடைகளில்தான் விற்றன. விற்காததைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும். அதனால் எது விற்கும் என்று கடைக்காரர் கவலைப்படவில்லை. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஃபில் சூலிங் என்பவர், திருப்பித் தரமாட்டேன், அதற்குப் பதில் கூடுதல் கழிவு கொடுங்கள் என்று கம்பெனிகளிடம் ஏற்பாடு செய்தார். அதிலிருந்து படக்கதைக்கென்றே தனிக் கடைகள் பெருகின. சரக்கு தேங்கினால் நஷ்டம் தன்னுடையது என்றானபின், எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்பதைக் கடைக்காரர் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். இன்றும் அந்தக் கடைகளில் வாடிக்கையாளர் பெயரில் பட்டியல் இருக்கிறது. புதுச் சரக்கு வந்ததும் அவர் கேட்டதை எடுத்துத் தனியே வைக்கிறார்கள். நம் மாதச் சிட்டைதான் வேறென்ன?

இன்னொன்றும் உண்டு. 1997-க்குப் பிறகு அந்தக் கடைகளுக்கான மொத்த விநியோகம் ஏறக்குறைய முழுவதும் டயமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2020 முதல் பெரிய பதிப்பகங்கள் விலகத் தொடங்கின. 2025 ஜனவரியில் அது திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று. அதையே நம்பியிருந்த சிறு பதிப்பாளர்களும் கடைகளும் தவித்தார்கள். மொத்த வியாபாரியான நானே சொல்கிறேன்: கொள்முதல் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

கடைக்காரருக்கும் பரிசு

அந்தக் கூட்டத்தில் ஆண்டுதோறும் வில் ஐஸ்னர் என்ற ஓவியர் பெயரால் எழுத்தாளர், ஓவியர்களுக்கு விருது கொடுக்கிறார்கள். அதே மேடையில் 1993 முதல் சிறந்த சில்லறைக் கடைக்கும் ஒரு விருது உண்டு. விற்றுமுதலைப் பார்த்துக் கொடுப்பதல்ல அது. பலவகைச் சரக்கு வைத்திருக்கிறாரா, சரக்கைப் பற்றி அறிவு இருக்கிறதா, ஊர் மக்களுக்கு என்ன செய்கிறார், கடை பார்க்க எப்படி இருக்கிறது, நாணயமாக நடக்கிறாரா என்பவையே அளவுகோல். கலைஞருக்குச் சமமாகக் கடைக்காரரை மேடையேற்றும் பழக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுபக்கம்

இதையெல்லாம் படித்துவிட்டு, அன்பாக இருந்தால் போதும், கடை பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. டென்வர் நகரின் மைல் ஹை காமிக்ஸ் என்ற பெரிய பழைய புத்தகக் கடை, 44 ஆண்டுகள் அந்தச் சந்தைக்குத் தொடர்ந்து வந்தது. 2017-ல் இனி வருவதில்லை என்று அதன் உரிமையாளர் அறிவித்தார். செலவு கட்டுபடியாகவில்லை என்பதும், பெரிய கம்பெனிகள் அங்கே மட்டும் விற்கும் தனிச்சரக்கு ஜனத்தை இழுத்துக்கொள்கிறது என்பதும் அவர் சொன்ன காரணங்கள். சந்தையை வளர்த்தவர்களில் ஒருவருக்கே அதில் நிற்க முடியாமல் போயிற்று. வாடிக்கையாளரின் அன்பு கூட்டத்தைச் சேர்க்கும். ஆனால் சேர்ந்த கூட்டத்தில் சின்னவருக்கு இடம் வைப்பது அன்பினால் மட்டும் ஆகாது. அதற்குச் சட்டதிட்டம் வேண்டும். அது சங்கத்தின் வேலை.

நாம் செய்யக் கூடியவை

நம் சங்கப் பொருட்காட்சியில் சென்ற முறை முன்வரிசைக் கடைகள் 12-ம் பெரிய கம்பெனிகளுக்குப் போயின. அதிக வாடகை கொடுத்தார்கள், வாங்கினார்கள். அதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் பத்து வருஷமாக அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்திய அப்பளக் கடையும் கருப்பட்டிக் கடையும் கழிவறைப் பக்கம் போய்விட்டன. அடுத்த முறை முன்வரிசையில் மூன்றில் ஒரு பங்கை, பழைய வாடகைக்கே, சிறு கடைகளுக்கு ஒதுக்க வேண்டும். ஆண்டு விழாவில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம், நல்லது. அதே மேடையில் ஒரு நல்ல மளிகைக் கடைக்கும் பரிசு கொடுக்க வேண்டும்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றே. சிட்டை எழுதிவரும் வாடிக்கையாளருக்கு எந்தப் பருப்பு பிடிக்கும், எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், யார் வீட்டில் அடுத்த மாதம் வளைகாப்பு என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய அங்காடிக்குத் தெரியாது. தெரிந்ததைப் பயன்படுத்துங்கள். அவர் கேட்கும் முன் எடுத்து வையுங்கள்.

பயணம் போக வசதி இருப்பவர்கள் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் முதல் முறையாக ஒரு காமிக் கான் நடந்தது. எங்கே போனாலும் இருவரும் சேர்ந்து போங்கள். சரக்கை நான் பார்த்தேன், மனிதர்களை என் துணைவியார் பார்த்தார். இரண்டும் சேர்ந்தால்தான் கொள்முதல் முழுமை.

இட ஒதுக்கீடு பற்றிய தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் முன்மொழிய எழுதி வைத்திருக்கிறேன். வழிமொழிய ஓர் உறுப்பினர் வேண்டும். சிறு கடைக்காரர் யாராவது ஒருவர் முன்வந்தால் மகிழ்வேன்.